பஞ்சாமிர்தம் வந்து சேர்ந்தது

அன்புள்ள சேகர்,

பழனிக்குப் போய் எனக்காக மொட்டை போட்டதாக எழுதியிருந்தாய். அந்தத் தலையோடு ஒரு போட்டோ அனுப்பு, வயிறு வலிக்கச் சிரித்து நாளாகிறது. பஞ்சாமிர்த டப்பாவை மட்டும் இவள் பிடுங்கி வைத்துக்கொண்டாள். வாழைப்பழம், பேரீச்சம்பழம் எல்லாம் பொட்டாசியம். சிறுநீரகம் போனவனுக்கு அது ஏறினால் நெஞ்சுத் துடிப்பே தாறுமாறாகிவிடும். விரல் நுனியில் ஒரு துளி தொட்டு நாக்கில் வைத்துக்கொண்டேன். முருகன் கணக்கில் அது போதும்.

செவ்வாய், வியாழன், சனி டயாலிசிஸ். ஒவ்வொரு தடவையும் நாலு மணி நேரம். இடது கையில் பிஸ்டுலா, அதாவது டயாலிசிஸ் ஊசிக்காக ரத்தக் குழாய்களை இணைத்துத் தைத்த இடம்; தொட்டால் உள்ளே வண்டு ரீங்காரம் போடுவது மாதிரி இருக்கும். அத்தை மந்திரித்த கயிறோடு வந்து அந்தக் கையைத்தான் பிடித்தாள். வாட்ச்கூடக் கட்டக் கூடாது என்றேன். "சாமி கயிறு என்னடா பண்ணும்?" என்று கோபம். கடைசியில் வலது கையில் கட்டினாள்.

ஊசியெல்லாம் பழகிவிட்டது. பார்க்க வருகிறவர்கள் "போன ஜென்மத்துப் பாவம்" என்று சொல்லிவிட்டுப் போவதுதான் ராத்திரியில் குடைகிறது. இருபது வருஷம் சர்க்கரையைக் கவனிக்காமல் விட்டது நான்தான், தெரியும். தெரிந்தும் குடைகிறது. கவுன்சலிங் பெண் ஒன்று சொன்னாள்: அமெரிக்காவில் 55 வயதும் அதற்கு மேலும் ஆன 596 நோயாளிகளை இரண்டு வருடம் கவனித்து 2001இல் ஓர் ஆய்வு வெளியிட்டார்களாம். கடவுள் கைவிட்டுவிட்டார் என்று மருகியவர்களுக்குச் சாவு வாய்ப்பு கூடுதலாக இருந்ததாம். நல்ல ஆறுதல், போ!

ஆனால் பக்கத்துக் கட்டிலில் இருந்த முஸ்லிம் பெரியவரைப் பார்த்தபோது அது புரிந்தது. நோன்பு வைக்க முடியவில்லையே என்று ரம்ஜானில் குமைந்துகொண்டிருந்தார். தீராத நோய்க்காரருக்கு விலக்கு உண்டு, விட்ட நாளுக்கு ஓர் ஏழைக்குச் சாப்பாடு கொடுங்கள் என்றாராம் பள்ளிவாசல் ஹஜ்ரத். அன்றிலிருந்து இன்றைக்கு யாருக்குக் கொடுத்தோம் என்று தினமும் ஒரு கதை சொல்வார். முகமே மாறிவிட்டது.

போன மாதம் வைத்தீஸ்வரன் கோயிலுக்குப் போனேன். உப்பும் மிளகும் செலுத்தினேன். உப்பை விட்டவன் உப்புப் பொட்டலத்தோடு நின்றதை நினைத்துப் பார்! வேண்டிக்கொள்ள ஒன்றும் வாயில் வரவில்லை. தையல்நாயகி சன்னதிப் பக்கம் தூணில் சாய்ந்து உட்கார்ந்திருந்தேன். ஒரு மணி நேரம் யாரும் என்னை ரத்தத்தில் கிரியேட்டினின் கழிவு எவ்வளவு என்று கேட்கவில்லை.

இனிமேல் மொட்டை வேண்டாம், நீயே வா. புதன், வெள்ளி, ஞாயிறு எதுவானாலும் சரி. வரும்போது இளநீர் வாங்கிக்கொண்டு வந்து நிற்காதே.

உன்,
ராமு