மேலே ஏறி உட்காருங்கள்

கொட்டாஞ்சேனை,
கொழும்பு 13

அன்புள்ள மகன் நிரோஷனுக்கு,

நீ அனுப்பிய அரங்கப் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். லண்டன் டொட்டன்ஹாம் உதைபந்தாட்ட அரங்கில் 62,850 இருக்கைகளாம். உனக்கும் பேத்தி ஆதிராவுக்கும் அதில் இரண்டைத் தெரிவுசெய்து தரும்படி அப்பாவிடம் கேட்டிருக்கிறாய். சந்தோஷம்தான். ஆனால் நீ வட்டமிட்டிருக்கும் அந்த முதல் வரிசை வேண்டாம். விலையைப் பார்த்துச் சொல்லவில்லை, சும்மா கொடுத்தாலும் வேண்டாம்.

முதல் வரிசையில் வீரர்களின் முகம் தெரியும், அவர்கள் கத்துவது கேட்கும், அது உண்மை. ஆட்டம் தெரியாது. மைதானத்தின் அகலம் 68 மீட்டர். தாழ இருந்து பார்ப்பவனுக்கு அந்த 68 மீட்டரும் நசுங்கி ஒரு கோடாகிவிடும். கெரம் பலகையின் விளிம்பில் கண்ணை வைத்துக்கொண்டு காய்களைப் பார்ப்பது போலத்தான். எது முன்னே, எது பின்னே என்று புரியாது. போதாததற்கு விளம்பரப் பலகை, உடம்பைச் சூடாக்க எல்லையோரம் ஓடிக்கொண்டே இருக்கும் மாற்று வீரர்கள், எழுந்து நின்று கை வீசும் பயிற்றுநர். சாய்வாக மழை அடித்தால் முதலில் நனைவதும் அந்த வரிசைதான். மேலே கூரை இருப்பதை நம்பாதே.

தூரத்தைக் கண்டும் பயப்படாதே. எனக்குத் தூரத்தைக் கற்றுத் தந்தது இங்கே கொழும்பில் இருக்கும் சுகததாச அரங்கு. அங்கே பார்வையாளருக்கும் புல்லுக்கும் நடுவே ஓட்டப் பாதை கிடக்கிறது. 1995இல் தெற்காசியத் தங்கக் கிண்ண இறுதியாட்டத்தில் இந்தியாவை 1–0 என்று வென்றோமே, அதுவும் அங்கேதான். மேலதிக நேரத்தில் முதல் கோல் விழுந்தவுடன் ஆட்டம் முடிந்துவிடும் என்ற விதி அப்போது இருந்தது, நாம் வென்றதும் அப்படித்தான். நான் மறுபக்கத்துக் கோல் கம்பத்துக்குப் பின்னால், வெயிலில் கொதித்த சீமெந்துப் படியில், வீரகேசரிப் பத்திரிகையை நாலாக மடித்துப் போட்டு உட்கார்ந்திருந்தேன். வெற்றிக் கோல் விழுந்ததை நான் கண்ணால் காணவில்லை, காதால்தான் அறிந்தேன். அடித்தது யார் என்று பக்கத்திலிருந்த கடலைக்காரரிடம் கேட்டேன். அவருக்கும் தெரியவில்லை, ஆனால் அந்தச் சந்தோஷத்தில் ஒரு சுருள் கடலையைக் காசு வாங்காமல் கொடுத்தார்.

கொழும்பு ரேஸ்கோர்ஸ் மைதானம் அப்படியல்ல. அது குதிரைப் பந்தயத்துக்காகக் கட்டிய மேடை, இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் விமானங்கள் இறங்கிய இடம். பக்கவாட்டில் நீளமாக, உயரமாக இருக்கிறது. அங்கே மேல் படிகளில் இருந்தபோதுதான் பின்கள வீரர்கள் நால்வரும் ஒரே கயிற்றில் கட்டியவர்களாக முன்னும் பின்னும் நகர்வது எனக்குத் தெரிந்தது. பந்தை மட்டும் பார்ப்பதென்றால் வீட்டுத் தொலைக்காட்சியே போதும். பந்து இல்லாத இடத்தில் நடப்பதைப் பார்க்கத்தானே மைதானத்துக்குப் போகிறோம்?

ஆகவே பக்கவாட்டு மாடத்தில், உயரமாக எடு. சரியாக மத்திய கோட்டுக்கு நேரே தேவையில்லை. அந்த இடத்துக்கு எல்லோரும் அடித்துக்கொள்வதால் விலை ஏறியிருக்கும். மத்திய கோட்டுக்கும் கோலுக்கு முன்னால் உள்ள பெனால்டி பகுதிக்கும் இடையில் எங்காவது கிடைத்தால் போதும். பாதி ஆட்டத்துக்குப் பின்கள வீரர்களை ஒட்டி நகரும் ஓஃப்சைட் கோடு உன் கண்ணுக்கு நேராக இருக்கும், நடுவரின் உதவியாளரோடு நீயும் சண்டை பிடிக்கலாம்.

கோல் கம்பத்துக்குப் பின்னால் இருக்கும் தெற்கு மாடம் 17,500 பேர் கொள்ளும் ஒரே சரிவு. பாட்டும் கூச்சலும் அங்கேதான். நீ தனியாகப் போனால் அங்கே போ என்றுதான் சொல்வேன். ஆதிராவோடு போகாதே. இங்கிலாந்தில் 2022 முதல் சில அரங்குகளில் கம்பி பிடித்து நின்று பார்க்க மீண்டும் அனுமதித்திருக்கிறார்கள், டொட்டன்ஹாமும் அதில் ஒன்று. முன்னால் இருப்பவர் எழுந்து நின்றால் ஏழு வயதுப் பிள்ளைக்குத் தெரிவது அவருடைய முதுகு மட்டும்தான். அரங்கு கட்டுபவர்கள் இதற்கு ஒரு கணக்கு வைத்திருக்கிறார்கள்: உன் பார்வைக் கோடு முன்னால் இருப்பவரின் தலைக்கு மேலே 12 சென்டிமீட்டர் தாண்டிப் போனால் நல்லது, 6க்குக் கீழே போகக் கூடாது. ஆனால் அது எல்லோரும் உட்கார்ந்திருந்தால்தான் செல்லும் கணக்கு. குழந்தையை வைத்து அவர்கள் போட்டதாகவும் தெரியவில்லை.

மேல் மாடம் என்று சொன்னேன் அல்லவா, அதன் முதல் வரிசையையும் விட்டுவிடு. அங்கே பாதுகாப்புக் கம்பி இருக்கும். உனக்கு அது முழங்காலுக்கு மேலே, அவளுக்கு நேரே கண்ணில். நாலைந்து வரிசை பின்னால் போனால் தொந்தரவு இல்லை.

பிள்ளையோடு போகிறவன் நடைபாதை ஓரம் எடுப்பான். நீயும் அதைத்தான் நினைத்திருப்பாய், கழிப்பறைக்கு எழுந்து போக வசதி என்று. ஆனால் மைதானம் தெரியும் இடத்தில் மது குடிக்க அங்கே 1985இலிருந்தே தடை. அதனால் இடைவேளைக்கு ஐந்து நிமிடம் முன்பே கூட்டம் எழுந்து கீழே ஓடும், ஆட்டம் தொடங்கிய பிறகு ஆடி அசைந்து திரும்பி வரும். அத்தனை பேரும் உங்கள் முழங்காலைத் தாண்டித்தான் போவார்கள். ஓரத்திலிருந்து நாலாவது ஐந்தாவது இருக்கை என்றால் பாதித் தொல்லை குறையும்.

டிக்கெட்டைக் கழகத்திடம் நேரே வாங்கு. உறுப்பினராகச் சேர வேண்டுமென்றால் சேர்ந்துவிடு. இணையத்தில் யாரோ இரட்டிப்பு விலைக்கு விற்பதைத் தொடாதே. அனுமதியில்லாமல் உதைபந்தாட்ட டிக்கெட் விற்பது உங்கள் நாட்டில் 1994 முதல் குற்றம். வாசலில் வைத்துத் திருப்பி அனுப்பினால் பிள்ளையின் முகத்தை யார் பார்ப்பது?

இனி ஒரே ஒரு சிக்கல்தான் மிச்சம். ஒக்டோபரில் மாலை மூன்று மணி ஆட்டமென்றால் வெயில் தென்மேற்கிலிருந்து தாழ அடிக்கும். மேற்கு மாடத்தில் இருந்தால் அது முதுகுப் பக்கம். கிழக்கில் இருந்தால் இரண்டு பேரும் நெற்றியில் கை வைத்தபடிதான் பார்க்க வேண்டும். ஆகையால் மேற்கு என்று முடிவு செய்து உன் அம்மாவிடம் சொன்னேன். கமரா எந்தப் பக்கம் என்று கேட்டாள். பொதுவாக அதுவும் மேற்கில்தான் வைப்பார்கள், படம் பிடிக்கிறவனுக்கும் கண் கூசக் கூடாதல்லவா. அப்படியானால் எதிர்ப்பக்கம் எடுக்கச் சொல்லுங்கள், பேத்தியை நான் தொலைக்காட்சியில் பார்க்க வேண்டும் என்கிறாள். சனிக்கிழமை மூன்று மணி ஆட்டங்களை உங்கள் ஊரில் நேரலையில் காட்டமாட்டார்கள், எங்களுக்குக் கிடைக்கும். இங்கே அப்போது இரவு ஏழரை. அறுபதாயிரம் பேரில் ஒரு பிள்ளையைத் தேடிப் பிடிக்க முடியாது என்று எவ்வளவோ சொல்லிவிட்டேன். மஞ்சள் சட்டை போட்டுவிடச் சொல்லுங்கள் என்கிறாள். நீயே தொலைபேசியில் பேசித் தீர்த்துக்கொள்.

அன்புடன்,
அப்பா