கடைசி மூட்டை ஏன் விட்டுப்போனது?

அன்புள்ள வாடிக்கையாளர்களுக்கு வணக்கம்.

பூப்பாறை, சாந்தன்பாறை பக்கத் தோட்டங்களிலிருந்து போடி கடைக்கு எங்கள் மென்பொருள் வழியாக ஏலக்காய் எடை அனுப்பும்போது, சில நாட்களில் கடைசி மூட்டை மட்டும் கணக்கில் ஏறவில்லை. தோட்டத்து ஸ்டோரில் 37 மூட்டை, கடையில் 36. முதலில் சிக்னலைத்தான் குறை சொன்னோம். தவறு எங்கள் புரோகிராமில் இருந்தது. மன்னித்துக்கொள்ளுங்கள்.

தோட்டத்தில் இருப்பது லினக்ஸில் ஓடும் கம்ப்யூட்டர் பெட்டி, கடையில் விண்டோஸ் கம்ப்யூட்டர். ஒவ்வொரு எடை வந்ததும் கடை கம்ப்யூட்டர் ‘வந்தது’ என்று பதில் அனுப்பும். தோட்டத்துப் பெட்டியோ அந்தப் பதில்களைப் படிக்காமலே, கடைசி எடையை அனுப்பிய கையோடு சாக்கெட்டை, அதாவது இணைப்பின் தன் பக்க முனையை, மூடிவிட்டது. படிக்காத பதில் பாக்கி இருக்கும்போது மூடினால் லினக்ஸ் முறையாக விடைபெறாது; ‘ரீசெட்’ அனுப்பி இணைப்பை அறுத்துவிடும். 1989-ல் வந்த ஆர்.எஃப்.சி. 1122 என்ற இணைய விதியும் அப்படித்தான் சொல்கிறது. அறுந்தபின், வழியில் தொலைந்த எடையை மறுபடி அனுப்ப ஆளில்லை. கடைக்கு வந்து இன்னும் வாசிக்கப்படாமல் கிடக்கும் எடையும் போய்விடும். எங்கள் அலுவலகத்தில் இரண்டு கம்ப்யூட்டரையும் ஒரே மேசையில் வைத்துச் சோதித்தபோது எடை உடனே போய்ச் சேர்ந்தது, பிழை தெரியவில்லை. மழை பிடித்து மலையில் சிக்னல் மந்தமானபோதுதான் வெளியே வந்தது.

போனில் பேசி முடித்ததும் “அவ்வளவுதான், வெச்சிடட்டுமா?” என்று கேட்டு, எதிரே “சரி, வைங்க” என்றபிறகுதானே வைக்கிறோம்? புதிய பதிப்பு அதைத்தான் செய்கிறது. முதலில் ஷட்டவுன்: ‘இனி என்னிடம் அனுப்ப ஒன்றுமில்லை’ என்று எதிர்ப்பக்கத்துக்குச் சொல்வது. அப்புறம், மறுபக்கமும் முடித்துவிட்டதற்கு அடையாளமாக, வாசித்தால் பூஜ்யம் (‘இனி ஒன்றும் வராது’) என்று வரும்வரை வாசிப்பது. பிறகே மூடுவது. மூடும் கட்டளை லினக்ஸில் குளோஸ், விண்டோஸில் குளோஸ்சாக்கெட். பெயரை மாற்றினால் போதும் என்று இருந்துவிட்டோம். வரிசைதான் முக்கியம் என்பதை உங்கள் மூட்டைக் கணக்கு காட்டிக்கொடுத்தது.

சிக்னலே இல்லாவிட்டால் பெட்டி 10 நொடி பார்த்துவிட்டு மூடும். ‘வந்தது’ என்று கடை சொல்லாத எடை பெட்டியிலேயே இருக்கும், அடுத்த முறை முதலில் அதுதான் போகும். இரட்டிப்பாக ஏறாமலிருக்க ஒவ்வொரு மூட்டைக்கும் தனி எண் கொடுத்திருக்கிறோம்.

ஒரு வேண்டுகோள். திரையில் ‘முடிக்கிறது’ என்று இருக்கும்போது சுவிட்சை அணைக்காதீர்கள். புதிய பதிப்பைத் தோட்டம், கடை இரண்டிலும் போட வேண்டும். எங்கள் ஆள் நேரில் வந்து போட்டுத் தருவார், கட்டணம் இல்லை. அவர் வரும்போது ஸ்டோரின் எடை நோட்டை எடுத்து வையுங்கள். விட்டுப்போன மூட்டைகளை உட்கார்ந்து ஒவ்வொன்றாகச் சரிபார்த்து ஏற்றிவிடுவோம்.

இப்படிக்கு,
உங்கள் எடைக் கணக்கு மென்பொருள் கடையினர்,
போடிநாயக்கனூர்