நடக்க முடியுமா என்று முதலில் கேளுங்கள்

காவிரிப் படுகை மாவட்டங்களின் இதய நோய் மருத்துவர்களுக்கு,

வணக்கம். மன்னார்குடிப் பக்கத்துக் கிராமமொன்றில் நாற்பது ஆண்டுகள் நாற்று நட்டு முழங்கால் தேய்ந்துபோன என் தாயாருக்கு வயது 62. வரப்பேறி நடந்தால் நெஞ்சை அடைக்கிறது என்று அவர் சொன்னதும், எங்கள் பகுதி மருத்துவமனை ஒன்றில் டிரெட்மில் பரிசோதனைக்கு, அதாவது ஓடும் பட்டையில் நடக்கவைத்து இதயத்தைப் பார்க்கும் சோதனைக்கு, எழுதிக் கொடுத்தார்கள். 220இலிருந்து வயதைக் கழித்து, வருவதில் 85 விழுக்காட்டை, அதாவது அவரைப் பொறுத்தவரை நிமிடத்துக்கு ஏறத்தாழ 134 துடிப்பை எட்டியிருந்தால்தான், 'குறையில்லை' என்ற முடிவை நம்ப முடியும். அவரோ வலி பொறுக்காமல் மூன்றாம் நிமிடமே இறங்கிவிட்டார். ஆயினும் குறையில்லை என்றே அறிக்கை வந்தது. நாங்களும் அதை நம்பிச் சில மாதங்களைக் கடத்திவிட்டோம்.

நடக்க இயலாதவர்களுக்கு வழியில்லாமல் இல்லை. டோபுடமின் மருந்தால் துடிப்பைக் கூட்டி எக்கோ (ஒலியலையால் எடுக்கும் இதயப் படம்) எடுத்தால், இரத்தம் போதாத இடத்தில் இதயச் சுவர் சோர்ந்து அசைவது தெரியும். இரத்தக் குழாயை விரிக்கும் அடினோசின் மருந்தைக் கொடுத்து, சிறிதளவு கதிரியக்கப் பொருளை ஏற்றி எடுக்கும் நியூக்ளியர் ஸ்கேன், இரத்தம் எந்தப் பகுதிக்குக் குறைவாகப் போகிறது என்பதைக் காட்டும். பேஸ்மேக்கர் வைத்தவர்கள், இ.சி.ஜி.யில் இடது கிளை அடைப்பு (இதயத்தின் மின்துடிப்பு செல்லும் பாதையில் தடை) உள்ளவர்கள் ஆகியோருக்கு டிரெட்மில்லை விட இந்த ஸ்கேனே பொருத்தமானது. ஆனால் களத்துத் தூசியில் இழுப்பு வந்து அவதிப்படுபவர்களுக்கு அடினோசின் ஆகாது என்பதால், அதையும் முன்னதாகவே கேட்டுவிட வேண்டும். காஃபீன் அம்மருந்தின் செயலைத் தடுத்துவிடும் என்பதால் காபி, தேநீர் இரண்டையும் குறைந்தது 12 மணி நேரமாவது தவிர்க்க வேண்டும். விடிந்ததும் காபி குடித்துப் பழகிய எங்கள் ஊர்களில் இதை வாய்மொழியாகச் சொன்னால் போதாது, சீட்டிலேயே எழுதித் தர வேண்டும். காபி குடித்துவிட்டதால் பரிசோதனை நடக்காமல், பேருந்தேறித் தஞ்சாவூர் வரை வந்து திரும்பிப் போவோருக்கு ஒரு நாள் கூலி போய்விடுகிறது.

சாய மருந்து ஏற்றி எடுக்கும் சி.டி. ஆஞ்சியோ என்ற ஸ்கேன், இதய இரத்தக் குழாயின் அடைப்பைக் காட்டும். அந்த அடைப்பால் இரத்த ஓட்டம் குறைகிறதா என்பதை அந்தப் படம் மட்டும் எப்போதும் சொல்லிவிடாது. வயது குறைந்து, முன்பு அடைப்பு கண்டறியப்படாதவர்களுக்கு நோய் இல்லையென்று உறுதிசெய்ய அது மிகவும் உதவும். சாய மருந்து ஏற்றுவதால், சிறுநீரகம் எப்படி இயங்குகிறது என்று காட்டும் கிரியேட்டினின் அளவை இரத்தத்தில் பார்த்துக்கொள்வது அவசியம். நீரிழிவால் சிறுநீரகம் பழுதானவர்களை அந்தப் பரிசோதனைக்கு அனுப்பும் முன் இன்னொரு முறை யோசியுங்கள்.

எந்தக் கருவி அருகில் இருக்கிறது என்பதை விட, எதிரில் உட்கார்ந்திருப்பவருக்கு எது பொருந்தும் என்பதை வைத்தே பரிசோதனையைத் தேர்ந்தெடுக்கவும், அதற்கான காரணத்தைச் சீட்டில் ஒரு வரி தமிழில் எழுதித் தரவும் தங்களை வேண்டுகிறேன். என் தாயாருக்கு மறுபரிசோதனை இனிமேல்தான். அதற்கு எழுதிக் கொடுக்கும் மருத்துவர், அவரை அறைக்குள் பத்தடி நடக்கச் சொல்லிப் பார்த்துவிட்டு எழுத வேண்டும்.

இப்படிக்கு,
ஒரு நடவுத் தொழிலாளியின் மகள்