மாத்திரையை வை, மத்தை எடு

கண்ணு கயலுக்கு,

நீ படம் எடுத்து அனுப்பிய ஆன்டி ஆக்ஸிடன்ட் மாத்திரை டப்பாவைப் பார்த்தேன். அந்தக் காசுக்குச் சூரமங்கலம் உழவர் சந்தையில் எத்தனையோ கட்டுக் கீரை வாங்கலாம். காசு போனால் போகட்டும், அதில் பீட்டா கரோட்டின் (உடம்பு வைட்டமின் ஏ-வாக மாற்றிக்கொள்ளும் நிறமி) என்று போட்டிருக்கிறதே, அதுதான் உறுத்துகிறது. பின்லாந்தில் புகைபிடிக்கும் ஆண்கள் 29,133 பேரை வைத்து ஆய்வு செய்தார்கள். தினம் 20 மில்லிகிராம் பீட்டா கரோட்டின் மாத்திரை சாப்பிட்டவர்களுக்கு நுரையீரல் புற்றுநோய் 18 சதவீதம் கூடியிருந்தது. 1994-லேயே வெளிவந்த முடிவு. மாப்பிள்ளை இன்னும் சிகரெட்டை விடவில்லை என்கிறாய். அந்த டப்பா உங்கள் வீட்டில் இருக்கவே வேண்டாம்.

கீரை இலையில் அதே பீட்டா கரோட்டின் கொஞ்சமாக, லூட்டின் என்ற மஞ்சள் நிறமி, ஃபோலேட் என்ற பி வைட்டமின், வைட்டமின் சி எல்லாவற்றோடும் சேர்ந்து இருக்கிறது. முருங்கைக்கீரையில் குவெர்செட்டின் என்ற ஆன்டி ஆக்ஸிடன்ட்டும் உண்டு. லூட்டின் நம் உடம்பில் உண்டாகாது, சாப்பாட்டிலிருந்துதான் வரவேண்டும். விழித்திரையின் நடுவில் போய்ச் சேர்ந்து நீல ஒளியை வடிகட்டும். நாள் முழுக்கக் கம்ப்யூட்டர் முன்னால் உட்காருகிறவள் நீ, உனக்குச் சொல்ல வேண்டியதில்லை.

ஆனால் பச்சையாக மென்றாலோ வெறும் தண்ணீரில் வேகவைத்தாலோ இவற்றில் லூட்டினும் கரோட்டினும் பாதிகூட உடம்பில் ஒட்டாது. அவை எண்ணெயில் கரைபவை, இலையின் செல்லுக்குள் அடைபட்டுக் கிடப்பவை. செல் உடைய வேண்டும், கொழுப்பும் கூட வேண்டும். நம் கீரைக் கடைசலில் இந்த இரண்டும் தானாகவே நடந்துவிடுகிறது.

அரைக்கீரையோ பண்ணைக்கீரையோ ஒரு கட்டு எடுத்துக்கொள். நறுக்குவதற்கு முன்பே முழுசாக அலசு. நறுக்கிவிட்டு அலசினால் வைட்டமின் சியும் ஃபோலேட்டும் தண்ணீரோடு போய்விடும். அகலமான பாத்திரத்தில் மூன்று தண்ணீர் மாற்று. ஒவ்வொரு முறையும் கீரையைக் கையால் மேலே தூக்கி எடு. தண்ணீரைச் சாய்த்துக் கொட்டினால் அடியில் படிந்த மண் திரும்பக் கீரைமேலேயே விழும், அப்புறம் வாயில் நறநறக்கும். அரை டம்ளர் தண்ணீர் கொதித்ததும் நறுக்கிய கீரையைப் போட்டு ஐந்தாறு நிமிடம், மூடாமல் வேகவிடு. வெந்த தண்ணீரோடே மத்தால் கடை. மிக்ஸியில் ஓடவிட்டால் கூழாகி வழவழக்கும். கடைசியில் இரண்டு டீஸ்பூன் நல்லெண்ணெயில் சின்ன வெங்காயம், பூண்டு, வரமிளகாய் தாளித்துக் கொட்டு. எண்ணெய்க்குப் பயந்து தாளிப்பை விட்டாயானால் கீரையின் பாதி வேலை அங்கேயே போச்சு.

மூடாதே என்றேனே, காரணம் இது. ஏற்காடு அடிவாரத்தில் வெட்டியெடுக்கிற வெள்ளைக்கல் மக்னீசியத் தாது. அதே மக்னீசியம்தான் இலையின் பச்சையத்துக்கு நடுவில் உட்கார்ந்திருக்கிறது. புளிப்பு பட்டால் அது கழன்றுகொள்ளும், பச்சை மங்கிப் பாசிநிறமாகிவிடும். இலையிலேயே இருக்கும் அமிலத்தில் கொஞ்சம் ஆவியோடு வெளியேறும், மூடி போட்டால் திரும்பச் சட்டிக்குள்ளேயே சொட்டும். புளி, தக்காளியையும் கடைசியில் சேர். புளிச்சக்கீரை எப்படியும் நிறம் மாறும், அதைப் பார்த்துக் கவலைப்படாதே. பச்சையாக இருக்கட்டும் என்று சிலர் ஆப்பசோடா போடுகிறார்கள். நிறம் நிற்கும், வைட்டமின் சி நிற்காது, கீரையும் குழைந்துபோகும்.

கொழுந்தனாருக்குச் சிறுநீரகக் கல் என்றாயே. பாலக், தண்டுக்கீரை இரண்டிலும் கல் உண்டாக்கும் ஆக்ஸலேட் அதிகம், அவருக்கு அடிக்கடி வைக்காதே. வைத்தால் நிறையத் தண்ணீரில் கொதிக்கவிட்டு அந்தத் தண்ணீரைக் கொட்டிவிடு, கூடத் தயிரும் கொடு. தயிரின் சுண்ணாம்புச் சத்து வயிற்றிலேயே ஆக்ஸலேட்டைப் பிடித்துக்கொள்ளும். ஃபோலேட் கொஞ்சம் வீணாகும்தான், அவருக்கு அது பரவாயில்லை. உனக்கு அப்படிச் செய்யாதே. சிவப்புத் தண்டுக்கீரையின் சாயம் பீட்டாசயனின், தண்ணீரில் கரைவது. கொட்டினால் அதுவும் சேர்ந்து போகும்.

இரும்புச் சத்துக்காகச் சாப்பிடுகிறாய் என்றால் எலுமிச்சை பிழிந்துகொள், சாப்பிட்ட கையோடு டீ குடிக்காதே. கஞ்சமலையில் இரும்பு இருப்பதால் சேலத்துக் கீரையில் அதிகம் என்று யாராவது சொன்னால் சிரித்துவிட்டுப் போ.

உங்க மாமா ரத்தம் உறையாமலிருக்க வார்ஃபரின் சாப்பிடுகிறார் என்றால் மட்டும் கவனம். கீரையின் வைட்டமின் கே அந்த மருந்துக்கு எதிர்வேலை செய்யும். அதற்காக நிறுத்த வேண்டாம். வாரா வாரம் ஒரே அளவாகக் கொடு, திடீரென்று கூட்டவோ குறைக்கவோ செய்யாதே, டாக்டரிடமும் சொல்லி வை.

அம்மா