தாத்தாவின் பெயரில் இருந்த 'தி'

டெ பில்ட்,
பிப்ரவரி 9.

அன்புள்ள அப்பாவுக்கு,

மங்கை எழுதிக்கொள்வது. நானும் அவரும் நலம். நீங்களும் அம்மாவும் நலம்தானே? போனில் பேசினால் முக்கால்வாசி அம்மாவே பேசிவிடுகிறாள். மிச்சக் கால்வாசியில் நீங்கள் "சாப்பிட்டியா, குளிர் எப்படி" என்று கேட்டுவிட்டு மறுபடியும் அவளிடமே கொடுத்துவிடுகிறீர்கள். அதனால்தான் கடிதம். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு திண்ணையில் உட்கார்ந்து நிதானமாகப் படியுங்கள்.

ஏழாம் மாதம் நடக்கிறது. இங்கே எல்லாம் சரியாக இருந்தால் டாக்டரிடம் போக வேண்டியதே இல்லை, மருத்துவச்சிதான் பார்க்கிறார். நம் ஆயா காலத்து மருத்துவச்சி இல்லை, நாலு வருஷம் படித்துப் பட்டம் வாங்கியவர். அங்கே போய்க் காத்திருந்தால் உள்ளேயிருந்து "மெஃப்ரௌ எகாம்பராம்!" என்று குரல் வரும். மெஃப்ரௌ என்றால் திருமதி. எகாம்பராம் யார் என்கிறீர்களா? நீங்கள்தான். பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயர் என்ற கட்டத்தில் உங்கள் பெயர் இருக்கிறதல்லவா, அதைத்தான் இந்த ஊர் என் பெயர் என்று வைத்துக்கொண்டிருக்கிறது. உங்களைக் கூப்பிடுகிறார்கள், வயிற்றைத் தள்ளிக்கொண்டு நான் எழுந்து போகிறேன். முதலில் சிரிப்பாக இருந்தது. அப்புறம் ஓர் அலுவலகத்தில் என் கோப்பை ஒருவர் 'மங்கை' என்றும் இன்னொருவர் 'ஏகாம்பரம்' என்றும் போட்டு வைத்து, இரண்டு பேர் இருக்கிறார்கள் என்று நினைத்து இரண்டு கடிதம் அனுப்பியபோது சிரிப்பு வரவில்லை.

போன வாரம் நீங்கள் கேட்டீர்கள்: "குழந்தைக்கு என்ன இனிஷியல் போடப் போறீங்க?" அதற்குப் பதில் சொல்லத்தான் உட்கார்ந்தேன். ஆனால் நேராகச் சொல்ல முடியவில்லை, கொஞ்சம் சுற்றித்தான் வர வேண்டியிருக்கிறது.

நாங்கள் இருக்கும் டெ பில்ட், நெதர்லாந்தில் உட்ரெக்ட் நகரத்துக்குக் கிழக்கே ஒட்டினாற்போல இருக்கும் சின்ன ஊர். சைக்கிளில் போனால் உட்ரெக்ட் வந்துவிடும். ஊர் எல்லையில் நீல நிறப் பலகையில் வெள்ளை எழுத்தில் ஊர்ப் பெயர். மழையில் நனைந்து நனைந்து பலகையின் கீழ் விளிம்பில் பாசி படிந்திருக்கிறது. 'பில்ட்' என்றால் மேடு என்று பொருள் சொல்கிறார்கள். நானும் மேட்டைத் தேடிப் பார்த்தேன். சைக்கிள் மிதிக்கும்போது மூச்சு வாங்குகிற அளவுக்குக்கூட ஒன்றும் தென்படவில்லை. சுற்றிலும் சதுப்பாக இருந்த காலத்தில் ஒரு முழம் உயரமே மேடுதான் போலிருக்கிறது.

இந்த நாட்டில் டெ பில்ட்டைத் தெரியாதவர் கிடையாது. காரணம் மழை. நாட்டின் வானிலை ஆய்வு நிறுவனம் 1897 முதல் இங்கேதான் இருக்கிறது. வெப்ப அலை வந்ததா இல்லையா என்று முடிவு செய்வதும் இந்த ஊர்க் கணக்கை வைத்துத்தான். டெ பில்ட்டில் தொடர்ந்து 5 நாளாவது 25 டிகிரியைத் தொட வேண்டும், அதில் 3 நாளாவது 30 டிகிரி இருக்க வேண்டும், அப்போதுதான் அது அதிகாரபூர்வமான வெப்ப அலை. சிரிக்காதீர்கள். பொன்னேரியில் அதை மார்கழி என்போம்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். அமெரிக்காவில் வாண்டர்பில்ட் என்று ஒரு பெரிய பணக்காரக் குடும்பம் இருந்தது, கேள்விப்பட்டிருப்பீர்கள். ரயில் கம்பெனி, கப்பல், மாளிகை என்று ஒரு காலத்தில் நியூயார்க்கையே கையில் வைத்திருந்தவர்கள். அந்தப் பெயரைப் பிரித்துச் சொல்லுங்கள்: வான் டெர் பில்ட். டச்சு மொழியில் 'வான்' என்றால் 'இருந்து'. பில்ட்டிலிருந்து வந்தவன், அதாவது பில்ட்டுக்காரன். வானிலை பார்க்கிற ஊருக்கு 'வான்' பொருத்தம்தான் என்று நான் தமிழில் ஒரு சிலேடை சொன்னேன். அவர் முகத்தில் அசைவே இல்லை, உங்கள் மாப்பிள்ளையைத் தெரியாதா.

17-ஆம் நூற்றாண்டின் நடுவில் இந்த ஊரிலிருந்து யான் ஆர்ட்ஸோன் என்ற விவசாயி ஒருவன் கடல் கடந்து, இப்போதைய நியூயார்க் பக்கம் அப்போது டச்சுக்காரர்கள் வைத்திருந்த குடியேற்றத்துக்குப் போனான். கையில் காசில்லை. போன பிறகு இத்தனை வருஷம் உழைத்துக் கழிக்கிறேன் என்று ஒப்பந்தக் கூலியாகப் போனான். ஆர்ட்ஸோன் என்பது குடும்பப் பெயரில்லை. ஆர்ட் என்பவனின் மகன், அவ்வளவுதான். நீங்கள் முப்பது வருஷம் கிராம அலுவலகத்தில் அடங்கலிலும் சிட்டாவிலும் 'த/பெ' என்று எழுதினீர்களே, அதேதான். யானின் பிள்ளைக்கு 'யான்ஸோன்' என்று மாறிவிடும். நம்மைப் போலவே தலைமுறைக்குத் தலைமுறை இனிஷியல் மாறிக்கொண்டிருந்த ஜனங்கள் இவர்கள் என்று தெரிந்ததும் எனக்கு ஏனோ சொந்தக்காரர்களைப் பார்த்த மாதிரி இருந்தது.

அங்கே போனதும் என்ன ஆயிற்று? யான் என்ற பெயரில் தெருவுக்குப் பத்துப் பேர். எந்த யான் என்று கேட்டால், பில்ட்டிலிருந்து வந்தானே அந்த யான். இப்படித்தான் ஊர்ப் பெயர் ஒட்டிக்கொண்டது. 1664-ல் ஆங்கிலேயர்கள் அந்த இடத்தைப் பிடித்துக்கொண்டார்கள். நியூ ஆம்ஸ்டர்டாம் நியூயார்க் ஆயிற்று. அவர்கள் பழக்கத்தில் அப்பன் பெயர் மாறி மாறி வருவது சரிப்படவில்லை, குடும்பத்துக்கு ஒரே பெயர் வேண்டும். மெல்ல மெல்ல ஒட்டிய ஊர்ப் பெயரே நிலைத்தது. வான், டெர், பில்ட் என்ற மூன்று சொல்லும் அங்கே காலப்போக்கில் ஒன்றாக உருகி வாண்டர்பில்ட் ஆகிவிட்டது.

அந்த வம்சத்தில் 1794-ல் ஸ்டேட்டன் தீவில் பிறந்த கொர்னேலியஸ்தான் பெரும் பணம் சேர்த்தவர். பதினோரு வயதில் பள்ளியை விட்டவர், படகில் ஆள் ஏற்றி மான்ஹாட்டனுக்குக் கொண்டுபோய் விடுவதில் தொடங்கி, நீராவிக் கப்பல், ரயில் என்று வளர்ந்து 1877-ல் சாகும்போது சுமார் 10 கோடி டாலர் விட்டுச்சென்றார். அவர் கொடுத்த 10 லட்சம் டாலரில் எழுந்ததுதான் டென்னிசியில் இருக்கும் வாண்டர்பில்ட் பல்கலைக்கழகம். பேரன் ஒருவர் வட கரோலினாவில் 250 அறை வைத்து ஒரு மாளிகை கட்டி 1895-ல் குடிபுகுந்தார். அதற்கு வைத்த பெயர் பில்ட்மோர். பூர்வீக ஊரின் 'பில்ட்'டோடு, திறந்த வெளி என்று பொருள்படும் பழைய ஆங்கிலச் சொல் ஒன்றைச் சேர்த்து வைத்த பெயர். அப்புறம் அந்தப் பெயர் ஓட்டல்களுக்குப் போயிற்று. லாஸ் ஏஞ்சலஸில் 1923-ல் ஒரு பில்ட்மோர், அரிசோனாவில் 1929-ல் ஒன்று. அங்கே அறை எடுத்துத் தங்குகிறவர்களில் எத்தனை பேருக்குத் தெரியும், 'பில்ட்' என்பது நான் குடை மடங்கிப் போய் பஸ்ஸுக்கு நிற்கிற ஊர் என்று.

இதில் எனக்குப் பிடிபட்ட விஷயம் ஒன்று இருக்கிறது அப்பா. டெ பில்ட்டிலேயே உட்கார்ந்திருக்கிறவனை யாராவது 'பில்ட்டுக்காரன்' என்று கூப்பிடுவார்களா? எல்லோரும்தான் பில்ட்டுக்காரர்கள். பெயர் ஒட்ட வேண்டுமானால் ஊரை விட்டுப் போக வேண்டும். பக்கத்து ஊருக்குப் போனாலும் சரி, கடல் கடந்தாலும் சரி. 'வான்' போட்ட ஊர்ப் பெயர் ஒருவன் இருக்கும் ஊரைச் சொல்வதில்லை, விட்டு வந்த ஊரைத்தான் சொல்கிறது.

இங்கே இப்படி எக்கச்சக்கம். ஊர்ப் பெயர் மட்டுமில்லை, இடம் எதுவானாலும் சரி. வான் டைக் என்றால் அணைக்கரையிலிருந்து வந்தவர். டெ ஃப்ரீஸ் என்றால் ஃப்ரீஸ்லாந்துக்காரர், அதுவும் ஃப்ரீஸ்லாந்தை விட்டு வந்தால்தானே அப்படிச் சொல்வார்கள். எதிர் வீட்டுப் பாட்டி வான் டென் பெர்க். 'மலையிலிருந்து' என்று பொருள். நாட்டிலேயே அதிகம் பேர் வைத்திருக்கும் குடும்பப் பெயர்களில் அதுவும் ஒன்று. ஐரோப்பாவில் இருக்கும் இந்த நாட்டின் மிக உயர்ந்த இடமோ 322 மீட்டர்! "எந்த மலை பாட்டி?" என்று கேட்டேன். "மணல் குவித்தால் எங்களுக்கு மலைதான்" என்றார். இங்கிருந்து தெற்கே பியூரன் என்று ஒரு பழைய ஊர் இருக்கிறது. அமெரிக்காவின் எட்டாவது அதிபர் மார்ட்டின் வான் பியூரனின் முன்னோர் பெயர் அங்கிருந்து போனது, வீட்டில் அவர் முதலில் பேசிய மொழியே டச்சுதான். இந்த நாட்டு ராஜ குடும்பத்துக்கும் பியூரன் பட்டம் உண்டு. இப்போதைய ராஜா இளவரசராக இருந்தபோது 1986-ல், உறைந்த கால்வாய்களின் மேல் பதினோரு ஊர்களைச் சுற்றிவரும் சறுக்குப் போட்டியில் 'வான் பியூரன்' என்ற பெயரில் கலந்துகொண்டு ஓடி முடித்தார்.

எல்லோருக்கும் குடும்பப் பெயர் கட்டாயம் என்று வந்தது நெப்போலியனால். இந்த நாட்டைப் பிரான்ஸோடு சேர்த்துக்கொண்ட பிறகு 1811-ல், பெயர் இல்லாதவர்கள் ஒன்றைத் தேர்ந்து பதிய வேண்டும் என்று ஆணை போட்டார். வரி வசூலிக்கவும் பட்டாளத்துக்கு ஆள் எடுக்கவும் பதிவேடு வேண்டுமே. ஜனங்கள் கிண்டலாக 'அம்மணமாகப் பிறந்தவன்' என்றெல்லாம் பதிந்துவிட்டார்கள் என்று இங்கே ஒரு கதை சொல்வார்கள். அந்தப் பெயர் உண்மையிலேயே இருக்கிறது, ஆனால் அது நெப்போலியனுக்கு முந்தையது. கதையை நம்பாதீர்கள். நெப்போலியனுக்கு முன்பே பெரும்பாலானவர்களுக்குப் பெயர் இருந்தது.

இன்னொன்று, உங்களுக்குப் பிடிக்கும். அகர வரிசையில் இவர்கள் 'வான்' என்பதைக் கணக்கில் எடுப்பதில்லை. வான் டெர் பில்ட்டை 'பி'யில் தேட வேண்டும். இல்லாவிட்டால் பாதி நாடு 'வா'வில் வந்து நிற்கும். பக்கத்து பெல்ஜியத்தில் 'வா'விலேயே வைக்கிறார்கள். பதிவேட்டோடு மல்லுக்கட்டியவர் நீங்கள், எது சரி என்று நீங்களே சொல்லுங்கள்.

நான் ஆறாவது படிக்கும்போது என்னைப் பழவேற்காட்டுக்கு அழைத்துப் போனீர்களே, ஞாபகம் இருக்கிறதா? டச்சுக்காரர் கல்லறை வாசலில் இரண்டு பக்கமும் கல்லில் செதுக்கிய எலும்புக்கூடு. பயந்துபோய் உங்கள் வேட்டியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். நீங்கள் பாட்டுக்குத் தரையில் கிடந்த கல்லின் மண்ணைத் தட்டி, "பெயர் எவ்வளவு நீளம் பாரு" என்றீர்கள். அங்கே அவர்கள் கட்டிய கோட்டையின் பெயர் கெல்ட்ரியா. கெல்டர்லாந்து என்ற மாகாணத்தை நினைத்து வைத்த பெயர். அது எங்கள் மாகாணத்துக்கு அடுத்தது. இங்கே ரயிலில் 'கெல்டர்லாந்து' என்று யாராவது சொல்லும்போதெல்லாம் எனக்கு இறால் வாடைதான் அடிக்கிறது.

இப்போது இனிஷியலுக்கு வருகிறேன். நீங்கள் சி. ஏகாம்பரம். தாத்தா தி. வே. சிங்காரம். 'வே' வேலாயுதம் என்பது தெரியும். 'தி' என்ன என்று சின்ன வயதில் கேட்டேன். "ஊர்ப் பெயர்" என்றீர்கள். அப்புறம் பள்ளியில் உங்களைச் சேர்த்தபோது வாத்தியார் ஓர் எழுத்துப் போதும் என்று 'தி'யை வெட்டிவிட்டார் என்றும் சொன்னீர்கள். ஆனால் "நமக்குப் பூர்வீகம் எது?" என்று கேட்டால் உடனே "பொன்னேரிதான்" என்பீர்கள்.

அப்பா, பொன்னேரிக்காரனுக்கு ஏன் 'தி'? பொன்னேரியில் இருந்தவர்கள் எங்கிருந்தோ வந்ததால்தானே ஊர்ப் பெயர் ஒட்டியிருக்கிறது? திருப்பாலைவனமா, திருவெள்ளைவாயலா? இரண்டும் பக்கத்தில்தான் இருக்கிறது, இரண்டும் 'தி'. இல்லை, வேறு ஏதாவது ஊரா? ஒரே ஓர் எழுத்தை வைத்துக்கொண்டு எப்படிக் கண்டுபிடிப்பது? இவர்கள் ஊர்ப் பெயரை முழுதாக வைத்துக்கொண்டார்கள். நாம் முதல் எழுத்தை மட்டும் வைத்துக்கொண்டு, அதையும் பள்ளிக்கூட வாசலில் விட்டுவிட்டோம்.

இங்கே குழந்தை பிறந்து 3 நாளுக்குள் நகராட்சியில் பதிந்துவிட வேண்டும். நம் ஊரில் 21 நாள் இருக்கிறது, இங்கே அவசரம். எந்தப் பெயர் எந்தக் கட்டத்தில் போகும் என்பதை அதற்குள் விசாரித்துக்கொள்கிறோம், அதைப் பற்றிக் கவலை வேண்டாம். குழந்தையைக் கூப்பிடும் பெயரோடு தாத்தாவின் அந்த ஊரையும் முழுதாகச் சேர்க்க முடிந்தால் சேர்க்கலாம் என்று அவர் சொல்கிறார். சிலேடைக்குச் சிரிக்காவிட்டாலும் இதில் ஆர்வமாக இருக்கிறார்.

பரண்மேல் இருக்கும் இரும்புப் பெட்டியில் தாத்தாவின் பழைய கிரயப் பத்திரம் ஒன்று உண்டு, அம்மாவுக்குத் தெரியும். அந்தக் காலப் பத்திரத்தில் 'இன்ன ஊரிலிருக்கும் இன்னார் குமாரர்' என்று முழுதாகவே எழுதியிருப்பார்கள். எடுத்துப் பாருங்கள். ஏணியில் நீங்கள் ஏறாதீர்கள், பக்கத்து வீட்டுப் பையனை ஏறச் சொல்லுங்கள். அதில் இல்லாவிட்டால் ஒரு ஞாயிற்றுக்கிழமை திருப்பாலைவனத்துக்குப் போய், வயதானவர்கள் யாரிடமாவது 'வேலாயுதம் வகையறா' என்று கேட்டுப் பாருங்கள். அப்படியே பழவேற்காட்டுக்கும் பஸ் ஏறி, அந்த நீளப் பெயர்க் கல்லை ஒரு போட்டோ எடுத்து அனுப்புங்கள். இப்போது எனக்கு வாசிக்கத் தெரியும்.

அம்மாவிடம் எலுமிச்சை ஊறுகாய் நன்றாக இருந்தது என்று சொல்லுங்கள். தீரப்போகிறது.

உங்கள் மகள்,
தி(?). ஏ. மங்கை