ஒரு இடி போதாது

அன்புள்ள ஆசிரியருக்கு,

வேகமாகப் போகும் அயனி ஒரு அணுவிலிருந்து எலக்ட்ரானைத் தட்டிக்கொண்டு போவதைப் பற்றிப் போன இதழில் வந்த கட்டுரையை இரண்டு தடவை படித்தேன். இந்த விஷயத்துக்கு இவ்வளவு பக்கம் ஒதுக்கியதே பெரிது. ஆனால் கூடப் போட்டிருந்த படம் வேறு கதை. அதில் எலக்ட்ரான் அணுக்கருவுக்குள் விழுந்து புரோட்டானை நியூட்ரானாக்குகிறது; அதற்கும் எலக்ட்ரான் பிடிப்பு என்றுதான் பெயர், ஆனால் அது கதிரியக்கத்தில் வருவது, கட்டுரை பேசுவதோ ஒரு புரோட்டான் போகிற போக்கில் இன்னொரு அணுவின் எலக்ட்ரானைக் கூட்டிக்கொண்டு ஹைட்ரஜன் அணுவாகிப் போவதை.

சரி, படம் கிடக்கட்டும். "எதிர் மின்னூட்டம், காந்தம் மாதிரி இழுத்துக்கொள்கிறது" என்று எழுதியிருப்பதுதான் உறுத்துகிறது. 74 லட்சம் எலக்ட்ரான் வோல்ட் ஆற்றலுள்ள புரோட்டான் நொடிக்கு 37,000 கிலோமீட்டருக்கும் மேல் போகிறது. ஹைட்ரஜன் அணுவில் இருக்கும் எலக்ட்ரானுக்கோ சுமார் 2,200தான். ஓடுகிற ரயிலில் தொற்ற வேண்டுமானால் அதன் வேகத்துக்கு ஓட வேண்டாமா? அந்த வேகம் எலக்ட்ரானுக்கு எங்கிருந்து வருகிறது என்பதுதான் இந்தத் துறையின் தலைவலியே.

1927-இல் இயற்பியலாளர் தாமஸ், குவாண்டத்துக்கு முந்தைய பழைய இயக்கவியலை வைத்தே ஒரு வழி சொன்னார். புரோட்டான் எலக்ட்ரானை இடிக்கிறது, அது 60 டிகிரி விலகி, சரியாகப் புரோட்டானின் வேகத்திலேயே கிளம்பி, நேராகத் தன் சொந்த அணுக்கருவில் போய் மோதி, இன்னொரு 60 டிகிரி திரும்பி, புரோட்டானுக்குப் பக்கத்தில் அதே திசையில் வந்து சேர்கிறது. அப்புறம் ஒட்டிக்கொள்வது சுலபம். கட்டுரையில் இதைப் பற்றி ஒரு வரிகூட இல்லை!

குவாண்டம் கணக்கை 1928-இல் ஓப்பன்ஹைமரும் 1930-இல் பிரிங்க்மன், கிராமர்ஸ் இருவரும் ஒரே படியில், அதாவது எலக்ட்ரான் ஒரே மோதலில் கைமாறுவதாக வைத்து, முடிக்கப் பார்த்தார்கள். அதன்படி வேகம் இரட்டித்தால் பிடிப்புக்கான வாய்ப்பு 4,096-இல் ஒரு பங்காகிவிடும், தாமஸ் கணக்கில் 2,048-இல் ஒரு பங்கு. அந்த ஒரு படிக் கணக்கு அளந்ததைவிடப் பல மடங்கு அதிகமாகக் காட்டியது. 1953-இல் ஜாக்சனும் ஷிஃபும் அணுக்கருக்கள் ஒன்றையொன்று தள்ளும் மின்விசையையும் சேர்த்தார்கள், விடை சோதனையோடு பொருந்தியது, "பிரச்சினை தீர்ந்தது" என்கிறது கட்டுரை. எங்கே தீர்ந்தது? எலக்ட்ரானைவிட 1,836 மடங்கும் அதற்கு மேலும் கனமான அணுக்கருக்கள் கிட்டத்தட்ட நேர்கோட்டில் போகின்றன. அவை ஒன்றையொன்று தள்ளுவது எலக்ட்ரான் கைமாறும் மொத்த வாய்ப்பை மாற்றவே கூடாது. புரோட்டானும் ஹைட்ரஜனும் என்பதால் அணுக்கருவின் மின்னூட்டமும் எலக்ட்ரானின் மின்னூட்டமும் ஒன்றுக்கொன்று சரியாகக் கழிந்து, வெகு தூரத்திலும் விடாத கூலும் விசைத் தொல்லை (மின்னூட்டங்களுக்கு இடையிலான விசை) தானாகக் காணாமல் போனது, அவ்வளவுதான். வேறு அணுவை வையுங்கள், பொருத்தம் போய்விடும். அந்தத் தொல்லையை மோதலுக்கு முன்னும் பின்னும் அலைச்சார்பிலேயே (துகளின் நிலையைச் சொல்லும் குவாண்டம் சார்பு) சேர்த்துக் கணக்குப் போட்டவர் செஷயர், 1964-இல்.

இதில் நான் இன்றும் வியப்பது டிரிஸ்கோ 1955-இல் போட்ட கணக்கைத்தான். இரண்டு மோதலைக் கணக்கில் எடுக்கும் இரண்டாம் படி எப்போதும் சின்னத் திருத்தம் என்றுதான் நமக்குப் பழக்கம். இங்கே வேகம் ஏற ஏறக் கடைசியில் அந்த இரண்டாம் படியே முதல் படியை முந்துகிறது, அது தாமஸின் இரட்டை மோதலேதான்.

இதைச் சோதனையில் கண்ணால் பார்த்தது 1983-இல், ஹீலியத்தில், நான் மேலே சொன்ன அதே ஆற்றலில். தாமஸ் வழியில் எலக்ட்ரானைப் பிடித்த புரோட்டான் 0.47 மில்லிரேடியன் விலகும், அதாவது பத்து மீட்டர் போனால் ஐந்து மில்லிமீட்டர்கூட இல்லை. எந்தக் கோணத்தில் எவ்வளவு பிடிப்பு என்று வரைந்த வளைகோட்டில் அந்த இடத்தில் ஒரு மேடு தெரிந்தது. கட்டுரையில் இந்த வளைகோட்டைப் போட்டிருக்கலாம்.

இணையப் பதிப்பில் அந்த நியூட்ரான் படத்தையாவது தூக்கிவிடுங்கள்.

இப்படிக்கு,
நெடுநாள் வாசகன்