கடற்கரைக் கோயில் நந்திகளை ஆண்டுதோறும் அளந்து வையுங்கள்

இந்தியத் தொல்லியல் துறையின் சென்னை வட்ட அதிகாரிகளுக்கு வணக்கம்.

மாமல்லபுரம் கடற்கரைக் கோயில் மதில்மேல் வரிசையாகப் படுத்திருக்கும் நந்திகளுக்காக இதை எழுதுகிறேன். பலவற்றுக்கு இப்போது முகமே இல்லை. கண், மூக்கு, காது எல்லாம் கரைந்துவிட்டன. உடல் வளைவை வைத்துத்தான் நந்தி என்று சொல்ல வேண்டியிருக்கிறது. அதே ஊரின் கிருஷ்ண மண்டபத்தில், பால் கறக்கும்போது பசு கன்றை நக்கும் சிற்பம் இன்றும் தெளிவாகத் தெரிகிறது. அதுவும் பல்லவர் வேலைதான். கடலிலிருந்து தள்ளி இருப்பதும், விஜயநகரக் காலத்தில் முன்னால் எழுப்பிய மண்டபமும் அதைக் காப்பாற்றியிருக்கின்றன.

நந்திகளை அரிப்பது உப்பு. கடல்காற்றின் உப்பு ஈரம் கல்லின் நுண்துளைகளில் இறங்குகிறது. வெயிலில் அது காயும்போது உப்பு படிகமாகி உள்ளிருந்து நெருக்க, கல் பொடிப்பொடியாக உதிர்கிறது. இதற்காகக் கடலோரம் பாறைகள் கொட்டப்பட்டன, சவுக்கு நடப்பட்டது, காகிதக் கூழ் பூசி உப்பை உறிஞ்சி எடுத்தீர்கள். எல்லாம் அவசியமான வேலைகள். ஆனால் இவற்றால் தேய்மானம் எவ்வளவு குறைந்தது என்பதைப் புகைப்படம் சொல்லாது.

பாரிசின் நோத்ர தாம் தேவாலயம் 2019 ஏப்ரலில் எரிந்தபோது, கலை வரலாற்றாசிரியர் ஆண்ட்ரூ டாலன் முன்பே எடுத்துவைத்திருந்த லேசர் அளவுகள் கைகொடுத்தன. தீ விபத்துக்கு முன் ஒருமுறை ஸ்கேன் செய்திருந்தால் போதும். உப்புக்கு அது போதாது. ஒரே இடத்தைத் திரும்பத் திரும்ப அளந்தால்தான் கல் தேயும் வேகம் தெரியும்.

கருவியிலும் கவனம் தேவை. கோயில் முழுவதற்கும் முக்காலியில் நிற்கும் லேசர் ஸ்கேனர் சரி. ஆனால் அதில் சில மில்லிமீட்டர் வரை பிழை வரலாம். ஓராண்டுத் தேய்மானம் அந்தப் பிழைக்குள்ளேயே மறைந்துவிடும். அதனால் சில நந்திகளை மட்டும் தேர்ந்தெடுத்து, ஒளிக்கோடுகளைப் பாய்ச்சி மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்குக்கும் கீழே அளக்கும் ஸ்கேனரால், ஆண்டுதோறும் ஒரே பருவத்தில் அளக்கச் சொல்லுங்கள். கடலைப் பார்த்தவை சில, ஊரைப் பார்த்தவை சில, கூழ் பூசியவை சில, பூசாதவை சில என்று இருக்கட்டும். ஒப்பிடுவதற்கான நிலைக்குறிகளைக் கல்லில் துளையிடாமல் வெளியே தரையில் பதியுங்கள்.

அப்புறம், அந்த அளவுகளை அலுவலகக் கணினியில் பூட்டி வைக்காதீர்கள். பொறியியல் மாணவர்களும் சிற்பக் கல்லூரி மாணவர்களும் எடுத்து ஆராயும்படி இணையத்தில் போடுங்கள். முதல் அளவை இந்த வடகிழக்குப் பருவமழைக்கு முன்பே எடுத்துவிட வேண்டுகிறேன்.

நன்றியுடன்,
மாமல்லபுரத்துக்கு அடிக்கடி வந்துபோகும் ஒருவன்